சிலந்தி மனிதன் ஆறுமுகம்

நேயர்களே, தோட்டத்துத் திடலில் மாலை வேளையில் பந்து உதைக்கும் சிறுவர்களைக் கவனித்திருப்பீர்கள். எல்லாரும் முன்னால் ஓடிக் கோல் போடவே துடிப்பார்கள். கோல் கம்பத்தடியில் நிற்க ஆள் கிடைப்பதில்லை. கடைசியில், கூட்டத்திலே சின்னவனாகப் பார்த்துப் பிடித்து அங்கே நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்தில் நின்றே ஆசியாவெங்கும் பெயர் பெற்ற ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம். அவர் 1953-ஆம் ஆண்டு போர்ட் கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம்.

கோல் காவலரின் வேலை எத்தகையது என்பதை முதலில் பார்ப்போம். கோல் வாயின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பினால்டி உதைக்கும் இடம் 11 மீட்டர் தொலைவில். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்தால், பந்து அரை வினாடிக்குள் வந்து சேர்ந்துவிடும். பார்த்துவிட்டுப் பாயலாம் என்றால் நடக்காது! ஆட்டத்தின் நடுவே எதிராளி தனியாகப் பந்தோடு வரும்போது, நல்ல காவலர் கோட்டிலேயே நிற்காமல் அவனை நோக்கி முன்னேறுவார். விளக்குக்கு அருகே கையைக் கொண்டுபோனால் சுவரில் நிழல் பெரிதாகிறதல்லவா? அதே கணக்குத்தான். காவலர் நெருங்க நெருங்க, உதைப்பவன் கண்ணுக்குக் கோல் வாய் சிறுத்துப்போகும்.

இந்தக் கலையோடு ஆறுமுகத்துக்கு நீண்ட கைகளும் வாய்த்திருந்தன. அதனால்தான் ரசிகர்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தார்கள். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் அவர் கோல் காத்தார். 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வெண்கலம் வென்றபோதும், 1977, 1979-ஆம் ஆண்டுகளில் தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் வென்றபோதும் அவர் குழுவில் இருந்தார். சோ சின் ஆன், மொக்தார் டஹாரி, சந்தோக் சிங், ஆறுமுகம் என்று அன்றைய குழுவின் பெயர்களைச் சொன்னாலே நம் நாட்டு மக்கள் அனைவரும் அதில் இருந்தது தெரியும்.

1980 ஏப்ரலில், மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய மெர்டேக்கா அரங்கத்தில், தென் கொரியாவுடன் இறுதி ஆட்டம். வென்றால் மாஸ்கோ ஒலிம்பிக். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்க, மலேசியா 2-1 என வென்றது. அரங்கத்துக்குப் போக முடியாதவர்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட ஆட்டம் அது.

ஆனால் நம் குழு மாஸ்கோ போகவில்லை. 1979 இறுதியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தது. அதைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. அரசாங்கத்தின் முடிவுக்கு அன்று காரணம் இருந்தது. ஆயினும் வியர்வை சிந்தி வென்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். நமக்குப் பதிலாகப் போன ஈராக், கால் இறுதிவரை ஆடியது. 1972-இல் மியூனிக்கில் எம். சந்திரன் தலைமையில் ஆடியதோடு சரி. அதன்பிறகு மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக் திடலை மிதிக்கவே இல்லை.

ஆறுமுகம் அதற்காக மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை. 1980-களின் நடுப்பகுதி வரை நாட்டுக்கு ஆடினார். 1988 டிசம்பரில், கூட்டரசு நெடுஞ்சாலையில் நடந்த கார் விபத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 35.

2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தில் முத்து என்றொரு கோல் காவலர் வருகிறார். அவர் யாரை நினைவில் வைத்துப் படைக்கப்பட்டவர் என்று பிள்ளைகள் கேட்டால், இனி நீங்களே சொல்லலாம்.