ஊசிக்கு அஞ்சும் உள்ளங்களுக்கு

ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்து, கடனை அடைத்து, உற்றார் உறவினரிடம் மன்னிப்புக் கேட்டு ஆயத்தமாகி நிற்பவர், தடுப்பூசி என்றதும் முகம் வெளிறிப் போவதை நீங்கள் கண்டிருக்கலாம். அவரைக் கண்டு நகைக்காதீர்கள். அது ஈமானின் குறைவன்று. கைத்தடி பாம்பாக மாறி நெளிந்தபோது நபி மூஸா (அலை) அவர்களும் அஞ்சினார்கள் என்று திருமறை அறிவிக்கிறது. இறைவன் அவர்களைப் பழிக்கவில்லை. அஞ்ச வேண்டாமென்று தேற்றி, அதைக் கையால் பிடிக்கும்படி பணித்தான். அச்சத்திற்கு மருந்து இதுவே: முதலில் ஆறுதல், பின்னர் செயல்.

இந்த ஊசி வீண் சடங்கன்று. 1987 ஹஜ்ஜின்போது மெனிஞ்சைட்டிஸ் என்னும் மூளை உறைக் காய்ச்சல் பரவி, ஊர் திரும்பிய ஹாஜிகள் வழியே பல நாடுகளுக்கும் சென்றது. 2000-ஆம் ஆண்டில் அதன் மற்றொரு வகை பரவிற்று. ஆகவேதான், புனித பூமியை அடைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டுமெனச் சவூதி அரசு விதித்துள்ளது. நம்மையும் நம் அருகில் தொழுபவரையும் காக்கும் ஏற்பாடு அது.

ஊசியைக் கண்டதும் சிலர் மயங்கி விழுவதேன்? முதலில் விரையும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் திடீரெனத் தாழ்ந்து, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைவதாலேயே. இத்தகையோருக்கான ஒரு பயிற்சியை ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980-களில் ஆராய்ந்து வெளியிட்டார். அமர்ந்தபடி கை, கால், உடம்பின் தசைகளை 10 முதல் 15 வினாடி வரை இறுக்குங்கள். முகத்தில் சூடு பரவும். பின்னர் 20 அல்லது 30 வினாடி தளர்த்துங்கள். இவ்வாறு 5 முறை செய்யுங்கள். முன்கூட்டியே வீட்டில் பழகிக்கொண்டு, ஊசி போடும் வேளையில், அந்தக் கையை மட்டும் தளரவிட்டு மற்றவற்றை இறுக்குங்கள். மயக்கம் வரும் வழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், படுத்துக்கொண்டும் போட்டுக்கொள்ளலாம். இரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே இப்பயிற்சியைச் செய்க.

தாய்மார்களே! இவ்வச்சத்தின் வித்து பெரும்பாலும் சிறு வயதிலேயே விழுகிறது. சோறு உண்ணாத பிள்ளையிடம், “டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்கிறோம். மருத்துவமனை வாசலிலோ, “ஊசியே போடமாட்டார்கள்” என்கிறோம். முன்னது மிரட்டல்; பின்னது பொய். ஏதோ தருவதாகக் கூறித் தம் மகனை அழைத்த ஒரு தாயிடம், என்ன கொடுக்கப் போகிறீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடாதிருந்தால் அது உம்மீது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். எனவே, “சிறிது வலிக்கும், விரைவில் ஆறிவிடும், நான் உடனிருப்பேன்” என்று உண்மையைச் சொல்லுங்கள். உண்மை கேட்டு வளர்ந்த பிள்ளை உங்கள் சொல்லை நம்பிக் கையை நீட்டும்.

தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் ஹிஜாமா சிகிச்சையை அண்ணலார் தாமே செய்துகொண்டு, செய்தவருக்குக் கூலியும் வழங்கினார்கள். நீங்களும் பிஸ்மி சொல்லிக் கையை நீட்டுங்கள். மருந்து நம் முயற்சி. ஷிஃபா அல்லாஹ்வின் அருள்.