2 கோடி ரூபாய் வென்ற சேரிப் பையன்!

மும்பையில் ஒரு போலீஸ் நிலையம்.

ஒரு பையனைக் கட்டித் தொங்க விட்டிருக்கிறார்கள். அடி! உதை! அதோடு விடவில்லை. உடம்பில் மின்சாரத்தையும் பாய்ச்சுகிறார்கள்.

அவன் திருடினானா? இல்லை. கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் சரியான பதில் சொல்லிவிட்டான். அதுதான் அவன் செய்த குற்றம்!

2008-ம் ஆண்டில் வெளிவந்த "ஸ்லம்டாக் மில்லியனர்" என்ற படத்தின் கதை இது.

டீ கொடுக்கும் பையன்

பையனின் பெயர் ஜமால். வயது 18. சேரியில் பிறந்தவன். ஒரு கம்பெனியில் டீ கொடுக்கும் வேலை.

அவன் டெலிவிஷன் கேள்வி-பதில் போட்டியில் கலந்துகொள்கிறான். ஒரு கோடி ரூபாய் ஜெயித்துவிட்டான். இன்னும் ஒரே ஒரு கேள்வி. அதற்கும் பதில் சொன்னால் 2 கோடி!

"டாக்டரும் வக்கீலும் தோற்ற இடத்தில் இவன் எப்படி ஜெயித்தான்? மோசடிதான்" என்று போட்டி நடத்துகிறவரே அவனைப் போலீசில் பிடித்துக் கொடுக்கிறார்.

"ஆயிரம் ரூபாய் நோட்டில் யார் படம் இருக்கிறது?" என்று கேட்கிறார், இன்ஸ்பெக்டர். பையனுக்குத் தெரியவில்லை! ஆனால் அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் யார் படம் என்பது தெரிந்திருக்கிறது. எப்படி?

கண்ணைப் பறித்த பாவி

அனாதைப் பிள்ளைகளைப் பிடித்துவந்து பிச்சை எடுக்க விடும் ஆசாமி ஒருவன். நன்றாகப் பாடும் பையனின் கண்களை அவன் குருடாக்கிவிடுவான். குருட்டுப் பாடகனுக்குக் காசு இரண்டு மடங்கு விழுமே!

அப்படிக் கண் இழந்த ஒரு நண்பனுக்கு ஜமால் 100 டாலர் நோட்டைப் பிச்சை போடுகிறான். நோட்டில் உள்ள படத்தை ஜமால் வர்ணிக்க, அது யார் என்று சொன்னவன் அந்தக் குருட்டுப் பையன்தான்.

ராமர் கையில் இருப்பது என்ன என்பது இன்னொரு கேள்வி. ஜமால் முஸ்லிம் பையன். மதக் கலவரத்தில் அவன் தாய் கொல்லப்பட்ட அன்று, ராமர் வேடம் போட்ட ஒரு சிறு பிள்ளையைப் பார்த்தான். கையில் வில்லும் அம்பும். அந்தக் காட்சியை எப்படி மறப்பான்?

கேள்விகள் இப்படி அளவெடுத்துத் தைத்ததுபோல வருமா என்றால், வராதுதான். படம் ஓடும்போது அது யாருக்கும் தோன்றுவதில்லை!

பணத்துக்காக அல்ல

ஜமால் போட்டிக்கு வந்தது பணத்துக்காக அல்ல. சின்ன வயதில் மழையில் ஒதுங்கி நின்ற ஒரு பெண். பெயர் லத்திகா. இப்போது ஒரு ரவுடியின் பிடியில் இருக்கிறாள். "அவள் இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பாள். என்னைக் கண்டுகொள்வாள்." இதுதான் அவன் ஆசை.

கடைசிக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அண்ணனுக்கு டெலிபோன் போடுகிறான். எடுத்தவள் லத்திகா! அவளுக்கும் விடை தெரியாது. குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்கிறான். அதுவே சரி!

எல்லாம் விதி என்கிறது படம்.

8 ஆஸ்கார்

இந்தியத் தூதரக அதிகாரியாக இருந்த விகாஸ் ஸ்வரூப் 2005-ல் வெளியிட்ட நாவல்தான் மூலக்கதை. டைரக்டர், இங்கிலாந்துக்காரரான டேனி பாயில். செலவு சுமார் ஒன்றரைக் கோடி டாலர்.

இந்தப் படத்தின் விதியும் ஒரு கட்டத்தில் ஊசலாடியது. அமெரிக்காவில் வெளியிட இருந்த கம்பெனி மூடப்பட்டது. தியேட்டருக்கே வராது என்ற நிலை. பிறகு வேறு கம்பெனி கைகொடுத்தது.

2009 பிப்ரவரியில் 8 ஆஸ்கார் பரிசுகள்! அதில் இரண்டு நம் ஏ.ஆர்.ரகுமானுக்கு. மேடையில் அவர் தமிழிலும் பேசினார்.

இடிந்த குடிசை

சின்ன வயது சலீமாகவும் லத்திகாவாகவும் நடித்த குழந்தைகள் உண்மையிலேயே சேரிப் பிள்ளைகள். பாந்திரா ரெயில் நிலையம் அருகே, கரீப் நகரில் இருந்தவர்கள். ஆஸ்கார் விழாவுக்கு விமானத்தில் போய்வந்தார்கள். உலகமே கை தட்டியது.

அடுத்த மே மாதம், அந்தச் சேரியில் ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டபோது இருவர் வீடும் இடிக்கப்பட்டன!

படம் எடுத்தவர்கள் அறக்கட்டளை அமைத்திருந்தார்கள். படிப்புச் செலவுக்குப் பணம். குடியிருக்க வீடு. பையன் குடும்பத்துக்கு அந்த ஆண்டே வீடு கிடைத்தது.

சிறுமியின் குடும்பம் கரீப் நகரிலேயே இருந்தது. 2011 மார்ச்சில் அங்கே பெரிய தீ விபத்து. எரிந்துபோன குடிசைகளில் அவள் வீடும் ஒன்று.