வயிற்றுவழி டயாலிசிஸில் உயிர்வாழ்வு: கரைசலின் அளவும் எஞ்சிய சிறுநீரகச் செயற்பாடும்

சிறுநீரகம் செயலிழந்தோர் வீட்டிலிருந்தே மேற்கொள்ளத்தக்க சிகிச்சை வயிற்றுவழி டயாலிசிஸ் ஆகும். வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய உறையே இதில் வடிகட்டியாக அமைகிறது. குழாய்வழி உட்செலுத்தப்படும் குளுக்கோஸ் கரைசல் சில மணிநேரம் தங்கிக் கழிவையும் மிகைநீரையும் ஈர்த்து வெளியேறுகிறது. பொதுவாக நாளொன்றுக்கு நான்கு முறை, முறைக்கு 2 லிட்டர் எனக் கரைசல் மாற்றப்படும். அமெரிக்காவில் பொப்போவிச், மான்கிரீஃப் ஆகியோர் 1976இல் முன்வைத்த இம்முறையில், கரைசலைக் கூட்டினால் நோயாளியின் வாழ்நாளும் கூடுமா என்னும் வினா நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது.

கூடும் என்றே 1996இல் வெளியான கனுசா ஆய்வு கருதச் செய்தது. கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 680 நோயாளிகளைப் பின்தொடர்ந்த அவ்வாய்வில், மொத்தக் கழிவுநீக்கம் உயர உயர இறப்பு இடர் குறைந்தது. ஆயின் அம்மொத்தம் இரு கூறுகளின் கூட்டுத்தொகை: கரைசல் நீக்கியது ஒன்று, நோயாளியின் சொந்தச் சிறுநீரகம் தன் எஞ்சிய வலுவால் நீக்கியது மற்றொன்று. இரண்டும் சமமதிப்புடையவை என்பது எடுகோளேயன்றி நிறுவப்பட்ட உண்மையன்று. இருப்பினும் சிகிச்சையளவை உயர்த்தும் பரிந்துரைகள் எழுந்தன. அவற்றின் சுமை நோயாளியின் அன்றாட வாழ்வின்மேல் விழுந்தது.

2001இல் அதே தரவுகள் கூறுவாரியாக மறுபகுப்பாய்வு செய்யப்பட்டன. நாளொன்றுக்கு 250 மில்லிலிட்டர் சிறுநீர் கூடுதலாக வெளியேறுவது, இறப்பு இடர் 36 விழுக்காடு குறைவதோடு தொடர்புற்றிருந்தது. கரைசல்வழி நீக்கத்திற்கு அத்தகைய தொடர்பு புலப்படவில்லை. எனினும் இது நோக்கீட்டு ஆய்வு. நோய்க்கடுமை குறைந்தோர்க்கே சிறுநீர் மிகுந்திருக்கலாம் என்னும் ஐயத்தைத் தள்ளிவிட இயலாது.

கரைசலைப் பொறுத்தவரை அந்த ஐயத்தை மெக்சிகோவின் அடெமெக்ஸ் ஆய்வு (2002) நீக்கியது. 965 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வழக்கமான நான்கு மாற்றங்களைத் தொடர்ந்தனர்; மற்றவர்க்குக் கழிவுநீக்கம் உயர்த்தப்பட்டது. ஈராண்டு உயிர்வாழ்வு முறையே 68.3, 69.3 விழுக்காடு, வேறுபாடு இல்லையென்றே கொள்ளத்தக்கது.

இதனால் கரைசலை விரும்பியவாறு குறைக்கலாம் என்று பொருளாகாது. 1985 முதல் வயிற்றுவழி டயாலிசிஸுக்கே முன்னுரிமை அளித்துவரும் ஹாங்காங்கில், 320 பேரிடம் நிகழ்ந்த சமவாய்ப்பு ஆய்வு (2003) வாராந்தர யூரியா நீக்கக் குறியீட்டை மூன்று நிலைகளில் ஒப்பிட்டது. உயிர்வாழ்வில் வேறுபாடில்லை, ஆனால் 1.7க்குக் கீழிருந்தோர்க்கு உடல்நலச் சிக்கல்கள் மிகுந்தன. 2006ஆம் ஆண்டு வழிகாட்டுநெறிகளில் இவ்வெண்ணே கீழ்வரம்பாக வைக்கப்பட்டது.

எனவே எஞ்சிய செயற்பாட்டைக் காப்பது சிகிச்சையின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாயிற்று. மருந்துக்கடையில் எளிதிற் கிடைக்கும் வலிநிவாரணிகள் பலவும், அமினோகிளைக்கோசைடு வகை நுண்ணுயிர்க்கொல்லிகளும் அதனைச் சிதைக்கவல்லவை. இதிலொரு முரண் உண்டு: வயிற்றுறை அழற்சிக்கு அவ்வகை நுண்ணுயிர்க்கொல்லிகளே சிலவேளை தேவைப்படுகின்றன. அவ்வழற்சி நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 0.40 முறைக்கு மேற்படலாகாது என்பது 2022ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டுநெறி. கரைசல் மாற்றுமுன் கைகழுவுவதும் முகக்கவசம் அணிவதும், அம்மருந்துக்கான தேவையே எழாமற் காப்பதால், சிறுநீரகத்தின் எஞ்சிய வலுவையும் காப்பனவாகின்றன.