குளிர்காலக் காலையில் டீசல் கார் கிளம்ப மறுத்தால்...

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளில் கடை வைத்திருக்கும் வணிக அன்பர்களில் சிலரிடம் இன்னமும் பழைய டீசல் அம்பாசிடரோ, டாடா இண்டிகாவோ இருக்கிறது. அம்பாசிடர் உற்பத்தி 2014-லும், இண்டிகா உற்பத்தி 2018-லும் நின்றுவிட்டன. ஆனாலும் உழைக்கிற வண்டியை விற்க யாருக்கு மனம் வரும்? மார்கழி, தை மாதங்களில்தான் அது நம்மைச் சோதிக்கிறது. விடியுமுன் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டிய நேரத்தில் செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரி தீர்வதுதான் மிச்சம். சரக்கு எடுக்கும் நேரம் தவறினால் அன்றைய வியாபாரம் போயிற்று.

எங்கள் கடை வண்டிக்கும் ஒரு குளிர்காலத்தில் இந்தத் தொல்லை வந்தது. ஒர்க்‌ஷாப்பில் "பம்ப் போய்விட்டது" என்றார்கள். பம்பைக் கழற்றி, காலிபரேஷன் செய்து பூட்டினார்கள். மறுநாள் காலை பழைய கதைதான்! கடைசியில் பார்த்தால், கெட்டுப்போயிருந்தவை மூன்று ஹீட்டர் பிளக்குகள். பம்புக்குக் கொடுத்த பணம் தண்டம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பெட்ரோல் வண்டிபோல் டீசல் வண்டியில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். இந்தக் குறையை ஈடுகட்டவே ஹீட்டர் பிளக். கோவையில் ஒரே அடியில் பிடிக்கும் வண்டி ஊட்டியில் அடம் பிடிப்பதன் ரகசியம் இதுதான். கீழே பிளக் இல்லாமலே சமாளித்துவிடும், மேலே முடியாது.

வண்டி பிடிக்காதபோது முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத காரியம். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, நாம் டார்ச்சுடன் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ டீசல் வாடையுடன் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

புகை வருகிறது என்றால் சந்தேகம் முதலில் ஹீட்டர் பிளக் மேல்தான். கிளம்பிய பிறகு சில நிமிடம் வண்டி உதறி, வெண்புகை விட்டு, பிறகு சீராகிறதா? ஒன்றிரண்டு பிளக் போயிருக்கலாம். நான்கு பிளக்குகளையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு டெஸ்ட் லாம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டுப் பார்க்கலாம். பல்பு எரியாத பிளக் செத்த பிளக். நான்கும் நன்றாக இருந்தால், சாவி போட்டவுடன் அந்தப் பட்டைக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரிலேயோ ஃபியூஸோ போயிருக்கும். மாற்றுவதென்றால் நான்கையும் சேர்த்து மாற்றுவதே லாபம்.

செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் பிளக் நன்றாக இருந்தும் பயனில்லை. உறைபனிக் குளிரில் பேட்டரியின் பலம் கணிசமாகக் குறைகிறது. செல்ஃப் அடிக்கும்போது மீட்டரில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் வயர்களையும் கவனிக்க வேண்டும். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையை, நம் கடையிலேயே இருக்கும் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துத் தேய்த்தால் போய்விடும். எர்த் வயரை மறந்துவிட வேண்டாம். பலரும் மறப்பது அதைத்தான்.

புகையே வராத வண்டியில் பெரும்பாலும் காற்றுதான் குற்றவாளி. தேய்ந்த வாஷர், வெடித்த ஹோஸ் வழியாக இரவில் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. காலையில் கைப்பம்ப்பை இருபது முறை அழுத்திவிட்டு அடித்ததும் வண்டி பிடித்தால் சந்தேகமே வேண்டாம். பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஃபில்டரில் நீர் தேங்கியிருந்தால் அதையும் வடிக்க வேண்டும். பம்பில் டீசலை நிறுத்தும் சாலினாய்டுக்குக் கரண்ட் வருகிறதா என்பதையும் பார்க்கலாம். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே பம்பைத் தொட வேண்டும்.

டீசல் மெழுகாக உறையும் தொல்லை லடாக் போன்ற இடங்களுக்கு உரியது. அங்கே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசல் 2019-ல் விற்பனைக்கு வந்தது. நம் மலைகளில் அதற்கு முன் மற்ற காரணங்களைத்தான் பார்க்க வேண்டும்.

டேங்குக்கு அடியில் பந்தம் காட்டுவதை இன்றும் சில இடங்களில் பார்க்கிறோம். வேண்டவே வேண்டாம். ஈதர் ஸ்பிரே அடிப்பதும் ஆபத்து. சூடான ஹீட்டர் பிளக்கில் பட்டு வெடித்தால் பிஸ்டன் உடையும்.

பிளக், பேட்டரி, டீசல் எல்லாம் சரியாக இருந்தும் வெண்புகை ஓயவில்லையென்றால், ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்கலாம். குறைந்தால் ஹெட் கேஸ்கெட். குறையாவிட்டால் நாசில்களையும் கம்ப்ரெஷனையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷன் அளவையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்ஜின் வேலைக்கு விடுவதா, வண்டியைத் தள்ளிவிடுவதா என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.