சின்ன வயசு வீசிங், வலிப்பு இருந்தால் ராணுவத்தில் சேர முடியாதா? மெடிக்கல் விதிகள் சொல்வது என்ன?

"சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு. அஞ்சாம் வகுப்போட நின்னுடுச்சு. இப்போ 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை ஈஸியா முடிக்கிறேன். மெடிக்கல்ல இதைச் சொல்லணுமா, வேணாமா?"

அக்னிவீர், என்.டி.ஏ. தேர்வுகளுக்குத் தயாராகும் இளைஞர்கள் மத்தியில் அடிக்கடி எழும் கேள்வி இது. எழுத்துத் தேர்வுக்கு மாதக்கணக்கில் படிப்பவர்கள்கூட, மருத்துவப் பரிசோதனையை கடைசி நாள் வரை யோசிப்பதில்லை. ஆனால் சின்ன வயதில் வந்து போன ஒரு நோய், வேலையையே தீர்மானிக்கும் நிலை வரலாம்.

சின்ன வயசு நோயை ஏன் பார்க்கிறார்கள்?

ராணுவ மருத்துவர்கள் கேட்கும் கேள்வி, 'இன்னைக்கு நல்லா இருக்கியா?' என்பது மட்டுமல்ல. பக்கத்தில் மருத்துவமனையே இல்லாத இடத்திலும் நன்றாக இருப்பாயா என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். சியாச்சின் குளிர், ராஜஸ்தான் புழுதி, ஆக்ஸிஜன் குறைந்த லடாக் உயரம் என எங்கு வேண்டுமானாலும் போஸ்டிங் கிடைக்கலாம். சென்னையில் பத்து வருடமாகத் தலைகாட்டாத ஆஸ்துமா, அங்கே திரும்பி வர வாய்ப்பு உண்டு. அப்போது அந்த வீரருக்கு மட்டுமல்ல, அவருடன் இருக்கும் குழுவுக்கும் ஆபத்து.

எந்தெந்தப் பிரச்சினைகள் முக்கியம்?

ஆஸ்துமா, வீசிங்: மீண்டும் மீண்டும் வீசிங், ஆஸ்துமா வந்த வரலாறு இருந்தால் நிராகரிக்கலாம் என்கின்றன இந்தியப் படைகளின் விதிகள். எப்போதோ ஒருமுறை சளியோடு வந்த இருமல் வேறு, வருடக்கணக்கில் இன்ஹேலர் எடுத்தது வேறு. 'மீண்டும் மீண்டும்' என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய வார்த்தை.

வலிப்பு: அதிகம் குழப்பம் இருப்பது இதில்தான். கடும் காய்ச்சலின்போது குழந்தைகளுக்கு வரும் வலிப்பு, பெரும்பாலும் 6 மாதத்தில் இருந்து 5 வயதுக்குள் வரும். இப்படி வந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பிறகு கால்,கை வலிப்பு நோய் வருவதில்லை. விமானப்படையின் மருத்துவ விதிகளும் இந்த வித்தியாசத்தை ஏற்கின்றன. காய்ச்சலால் வந்த வலிப்பு, நரம்பு பாதிப்பு எதுவும் இல்லை என்றால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 5 வயதுக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால் நிராகரிப்புதான்.

காது: சின்ன வயதில் காதில் சீழ் வடிந்தவர்களில் சிலருக்குச் செவிப்பறையில் ஓட்டை இருக்கும். காது நன்றாகக் கேட்பதால் அது அவர்களுக்கே தெரியாது. பரிசோதனையில் மருத்துவர் லைட் அடித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். நாள்பட்ட சீழ் பிரச்சினை இருந்தால் தகுதி இல்லை.

இதயம்: அடிக்கடி தொண்டை வலி, மூட்டு வீக்கத்தோடு வரும் ருமாட்டிக் காய்ச்சல், பல வருடம் கழித்து இதய வால்வைப் பாதிக்கக்கூடும். அதனால் அந்த வரலாற்றையும் கேட்கிறார்கள்.

எலும்பு: இரண்டு முழங்கால்களும் ஒட்டி நிற்கும்போது கணுக்கால்களுக்கு நடுவே இடைவெளி 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஆண்களுக்குச் சிக்கல். தட்டைப் பாதம் என்றாலே அவுட் என்று நினைக்க வேண்டாம். குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நிற்கும்போது பாத வளைவு தெரிந்தால் பொதுவாக ஓகே.

குணமாகிவிட்டால்?

சில நோய்களுக்கு விதிகளே கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. குடலிறக்க அறுவை சிகிச்சை செய்தவர்கள், சுமார் ஆறு மாதம் கழித்து, தழும்பு நன்றாக ஆறியிருந்தால் தகுதி பெறலாம். காசநோய் சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகி, நுரையீரலில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்றால் அதையும் பரிசீலிப்பார்கள். ஆனால் எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்தால் நிராகரிக்கலாம்.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்கு ஒரு வயதுக் கோடு உண்டு. 13வது பிறந்தநாளுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்திருந்தால்தான் தடை. அதற்கும் சிறப்பு விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் ராணுவச் சேவை கட்டாயம் என்பதால் அணுகுமுறையே வேறு. உடல்நிலைக்கு ஏற்ப தரம் பிரித்து, சண்டைப் பிரிவுக்குப் பொருந்தாதவர்களுக்கு அலுவலகம், தளவாடம் போன்ற பணிகளைக் கொடுக்கிறார்கள்.

சொல்லாமல் மறைத்தால்?

'பழைய ரிப்போர்ட் யாரிடமும் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது?' என்று நினைப்பவர்கள் உண்டு. மருத்துவப் பரிசோதனையில் விண்ணப்பதாரரே தன் உடல்நல வரலாற்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். சேரும்போது கேட்கப்படும் கேள்விகளுக்குத் தெரிந்தே பொய்ப் பதில் சொன்னால், 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 44வது பிரிவின்படி ராணுவ நீதிமன்றம் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1985இல் ராணுவத்தில் சேர்ந்த தரம்வீர் சிங், வலிப்பு காரணமாக 1994இல் பணியில் இருந்து அனுப்பப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று சொல்லி ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சேரும்போது எந்த நோயும் பதிவாகவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையில்தான் சேர்ந்தார் என்றே கருத வேண்டும்; இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்புதான் என்றது நீதிமன்றம்.

அதாவது, முதல் நாள் மருத்துவப் பதிவு என்பது வெறும் ஃபார்மாலிட்டி இல்லை. பல வருடம் கழித்து உங்கள் உரிமையைக் காப்பாற்றும் ஆவணமும் அதுதான். தெரிந்தே மறைத்தது வெளியே வந்தால், அந்தப் பாதுகாப்பும் கேள்விக்குறியாகிவிடும்.

'அன்ஃபிட்' என்றால் முடிந்துவிட்டதா?

இல்லை. 'தற்காலிக அன்ஃபிட்', 'நிரந்தர அன்ஃபிட்' என்று இரண்டு வகை உண்டு. அதிகாரி பதவிக்கான தேர்வில், முதல் மருத்துவக் குழுவின் முடிவை எதிர்த்து 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் போகலாம். அங்கும் தோற்றால், மறுஆய்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கு அனுமதி கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. அக்னிவீர் தேர்வில், ராணுவ மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரின் மறுபரிசோதனைக்கு வாய்ப்பு தரப்படுகிறது.

இப்போதே என்ன செய்யலாம்?

* சின்ன வயதில் என்ன நோய் வந்தது, எந்த வயதில், எத்தனை முறை என்று அம்மா அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். வலிப்பு என்றால், அப்போது காய்ச்சல் இருந்ததா என்பதும் முக்கியம்.
* பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.
* காது, கண், பல், மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றைத் தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். காதில் சேர்ந்திருக்கும் அழுக்குகூட அன்றைய நாளைக் கெடுக்கலாம். அதை நீங்களே குடையாமல் மருத்துவரிடம் எடுப்பது நல்லது.
* ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் விதிகளில் வித்தியாசம் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் உள்ள மருத்துவத் தகுதிப் பகுதியை முழுதாகப் படியுங்கள்.

அந்த அஞ்சாம் வகுப்பு வீசிங்கைச் சொல்லணுமா என்றால், சொல்ல வேண்டும். அதனால் வாய்ப்பு போகவும் கூடும், அது உண்மைதான். ஆனால் எத்தனை முறை வந்தது, எப்போது நின்றது என்ற விவரத்தோடு போனால், முடிவெடுக்கும் மருத்துவர் முன் உங்கள் தரப்பை வைக்க ஏதாவது கையில் இருக்கும்.