மழையில் நனைந்த குதிரை



ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளியை முடிப்பதற்கு 40 மணித்தியாலம் சமூக சேவை செய்ய வேண்டும். உங்களில் பலர் அதை நூலகத்திலோ உணவு வங்கியிலோ செய்கிறீர்கள். விட்பிக்கு வடக்கே புரூக்ளின், ஆஷ்பேர்ன் பக்கம் குதிரைப் பண்ணைகள் இருக்கின்றன. அம்மம்மாவிடம் நெடுந்தீவுக் குதிரைகளின் கதை கேட்டு வளர்ந்த என் மகள் அப்படி ஒரு பண்ணைக்குத்தான் போனாள்.

ஒக்ரோபர் மாதம். நாலு நாளாக விடாத மழை. ஒரு வயதான குதிரையின் முதுகில் சின்னச் சின்னப் பொருக்குகள் இருந்தன. காய்ந்த சேறு என்று நினைத்து நகத்தால் பிய்த்தாள். பொருக்கோடு ஒரு கற்றை மயிரும் சேர்ந்து வந்தது. குதிரை துடித்து விலகியது. பயந்துபோனவள் ஒருவருக்கும் சொல்லாமல், அதே பிரஷ்ஷால் இன்னும் இரண்டு குதிரைகளைத் தேய்த்துவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த கிழமை அந்த இரண்டில் ஒன்றுக்கும் பொருக்கு. வரும் வழியில் காரில் அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள். “நான்தான் செய்தது என்று அவைக்குத் தெரியாது அப்பா.” நான் காரைத் திருப்பினேன்.

பண்ணைக்காரி ஏசவில்லை. முதலில் மூன்றாவது குதிரையைப் பார்த்தார். பிறகு விளக்கினார். இதற்கு ‘ரெயின் ரொட்’ என்று பெயர். ‘டெர்மட்டோபிலஸ் கொங்கோலென்சிஸ்’ என்ற பாக்டீரியா தோலில் ஒளிந்திருக்கும். ஈரம் பட்டதும் பெருகும். ஈரமான முதுகில் போர்வை போட்டால் இன்னும் மோசமாகும். ஆகவே முதல் மருந்து, குதிரையை உலர வைப்பது.

பொருக்கைக் காய்ந்தபடி பிய்க்கக் கூடாது, குதிரைக்கு நோகும். கையுறை போட்டு, குளோரெக்சிடின் கலந்த ஷாம்பூவால் ஊறவைத்து, சுமார் 10 நிமிடம் விட்டு, இளகியதை மட்டும் மெதுவாக எடுக்க வேண்டும். நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். விழுந்த பொருக்கிலும் கிருமி இருப்பதால் அதை லாயத்தில் விடாமல் குப்பையில் போட வேண்டும். சீழோ காய்ச்சலோ கண்டால் மிருக வைத்தியர்தான் பார்க்க வேண்டும்.

வட்டமாக மயிர் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது பூஞ்சை நோய். மருந்து வேறு, நமக்கும் எளிதில் தொற்றும். எதுவானாலும் ஒரு குதிரையின் பிரஷ், போர்வை, சேணத் துணி இன்னொன்றுக்குப் போகக் கூடாது.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் மகளின் வேலை, பிரஷ்களை எல்லாம் கிருமிநாசினியில் ஊறவைத்துக் கழுவுவது. சில கிழமைகளில் வயதான குதிரையின் முதுகில் புது மயிர் முளைத்தது. அவள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அதைத் தொட்டுக் காட்டினாள்.

நீதிமொழிகள் 12:10ஐ அவள் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவள். மிருகத்தால் முறையிட முடியாது. அதற்காக வாய் திறக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். தவறு எங்களுடையதாக இருக்கும்போதும்.