சுவரில் படிந்த நீர்க்கோடு

பாகவதத்தின் மச்சாவதாரக் கதையில், பிரளயம் வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் மீன் முதலில் கைக்கு வருவது கிருதமாலா நதியில். அது நம் கிருதுமால்தான் என்பது மதுரைக்காரர்களின் நம்பிக்கை. நாகமலைச் சரிவில் வழியும் மழைநீரும் துவரிமான் கண்மாய் நீரும் சேர்ந்து புறப்பட்ட இந்த ஆறு, இன்று நகருக்குள் நுழைந்ததுமே சாக்கடையாகிவிடுகிறது. கரையோரம் குடியிருப்பவர்களில் கூலி வேலை செய்பவர்களே அதிகம். மழை வலுத்தால் முதலில் நனைவது அவர்கள் வீட்டுப் பாய்தான். ஆனால், வெள்ளத் தடுப்புக்கு வரைபடம் போடும்போது அவர்களை யாரும் கேட்பதில்லை. இதை மனிதாபிமானக் குறை என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். என் பார்வையில் இது அறிவியல் குறையும்கூட.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 செ.மீ. மழை கொட்டியது. ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மழை என்றால் 1 லட்சம் லிட்டர். அப்படியானால் அந்தக் கால் மணி நேரத்தில் ஹெக்டேருக்கு நாலரை லட்சம் லிட்டர்! வயலாக இருந்தால் மண் ஒரு பங்கைக் குடித்திருக்கும். சிமென்ட் தளமும் தார்ச்சாலையும் ஏறக்குறைய மொத்தத்தையும் தள்ளிவிடும். இந்தக் கணக்கைப் பொறியாளர் கச்சிதமாகப் போடுவார். எந்தப் பாலத்தடியில் குப்பை அடைத்திருக்கிறது, போன வருஷம் யார் எழுப்பிய சுவர் தண்ணீரை எந்தச் சந்துக்குத் திருப்பியது என்பதெல்லாம் அவர் கணினியில் இருக்காது. வெள்ளம் வடிந்த வீட்டின் சுண்ணாம்புச் சுவரைப் பாருங்கள்: முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. நீரியல் ஆய்வாளர்கள் தேடிப்போய் அளப்பதும் இதே கோட்டைத்தான். நூறு வீட்டுக் கோடுகளை அளந்து நிலமட்டத்தோடு பொருத்தினால் வெள்ள வரைபடம் தயார். அதற்கு வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டும். இடிக்க வந்தவர்களோ என்ற பயம் இருந்தால் திறப்பாரா?

உள்ளூர்க்காரரின் அறிவை நம்பி நீரை நிர்வகிப்பது நம் கண்மாய்ப் பாசனத்துக்குப் புதிதல்ல. எந்த மடையை எப்போது திறப்பது, கலுங்கில் எவ்வளவு போனால் ஆபத்து என்று தெரிந்தவர் நீர்பாய்ச்சி. பெரும்பாலும் தலித் சமூகத்தவர். ஊர் அவரைத் தள்ளி வைத்தது, அவர் அறிவை மட்டும் வாங்கிக்கொண்டது.

கரைக் குடிசைகளே ஆக்கிரமிப்புதானே, அகற்றினால் தண்ணீர் தானாக ஓடாதா என்று கேட்கலாம். வாய்க்காலுக்குள்ளேயே நிற்கும் சில வீடுகள் நகரத்தான் வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பிழைப்பு தூரமாகிப்போனது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்த இடத்திலும் தண்ணீர் தேங்குகிறது. தவிர, மதுரையில் உலகனேரியும் தல்லாகுளமும் நீர்நிலைப் பெயரைச் சுமந்து நிற்கின்றன. அங்கே எழுந்தவை குடிசைகள் அல்ல, பெரிய கட்டிடங்கள். அரசுக் கட்டிடங்களும் அதில் அடக்கம்.

படிக்காதவர்களுக்கு நீரோட்டக் கணக்கு தெரியுமா என்பது அடுத்த சந்தேகம். தெரிய வேண்டியதில்லை. கராச்சியின் ஒராங்கியில் 1980-ல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டத்தில், மட்டம் பார்த்து வரைபடம் தந்தது தொழில்நுட்பக் குழு. தெருச் சாக்கடையைத் தங்கள் செலவில் அமைத்தது குடியிருப்போர். ஒடிசா 2017-ல் குடிசைவாசிகளுக்கு நில உரிமைச் சட்டமே கொண்டுவந்தது. டிரோன் எடுத்த படத்தைக் குடியிருப்போரோடு சேர்ந்து வீடு வீடாகச் சரிபார்த்தார்கள். பட்டா இருந்தால்தான் ஒருவர் கடன் வாங்கியாவது வீட்டுத் தரையை இரண்டடி உயர்த்துவார். நாளை இடிபடலாம் என்ற வீட்டில் யார் செங்கல் அடுக்குவார்?

இப்படிக் கேட்டுச் செய்தால் காலதாமதம் ஆகும் என்பது மட்டும் உண்மை. ஆனால், கிருதுமாலின் தலைமாட்டில், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம், இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. தேனி சாலையோரம் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் ஓடை எந்த வரப்போரம் போகும் என்று காட்ட, பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மனைக்கல் நடுவதற்கு முன்னால் அவர்களோடு ஒரு மழைநாளில் நடந்து பார்க்கலாம்.